கவிழ்த்து வைத்த எழுத்துகள்

பினாங்கை விட்டுக் கிளம்பிய பதினாறாம் நாள், ஒரு புதன்கிழமை காலை, செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிரே இருந்த ஓட்டலில் நான்கு இட்லி தின்றேன். எங்கள் ஊர் இட்லி இதைப்போல ஒன்றரைப் பங்கு இருக்கும், ஆனால் கல். இங்கே விரல் பட்டதும் பிட்டுக்கொண்டு வருகிறது. சட்னி மூன்று விதம். சாம்பாரைக் கேட்காமலே இரண்டு தடவை ஊற்றினார்கள். காப்பிதான் ஏமாற்றம். ஆறு மடக்கில் தம்ளர் காலி. பினாங்கில் சீனர் கடையில் ஒரு கோப்பை காப்பி வாங்கினால் பத்திரிகையின் நடுப்பக்கம் வரைக்கும் தாங்கும்.

வயிறு நிறைந்தும் கால் நிலைகொள்ளவில்லை. எழுபத்தொரு வயதில் என் முதல் புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. ரயிலடியிலிருந்து அச்சகத்துக்கு அறுநூற்று நாற்பது அடி வைத்தேன்.

அது ஓர் அறிவியல் புத்தகம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தோட்டப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்தவன் நான். பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவுகிறவர்களின் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். அதற்குமேல் அவர்கள் தமிழில் படிக்க அறிவியல் என்று ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றபின் உட்கார்ந்து இருபத்திரண்டு கட்டுரைகள் எழுதினேன். இடி ஏன் இடிக்கிறது, தண்ணீரை ஏன் காய்ச்சிக் குடிக்க வேண்டும், இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, இப்படி. ஒரு வாக்கியத்தில் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வரக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். எழுதியதை முதலில் என் வீட்டுக்குக் கீழே சலவைக்கடை வைத்திருக்கும் முனியாண்டிக்குப் படித்துக் காட்டுவேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டால் கட்டுரை தேறியது. தூக்க மறந்து சட்டை கருகினால் மிகவும் நன்று. இரண்டு சட்டைகள் கருகியிருக்கின்றன.

ஆயிரம் பிரதி. அறுநூறு கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வரும். நானூறு இந்த ஜில்லாவிலேயே விற்பனைக்கு நிற்கும். எட்டு ஃபாரத்தில் ஏழு அச்சாகிவிட்டது. ஃபாரம் என்றால் பதினாறு பக்கம். கடைசி ஃபாரத்தில் கடலைப் பற்றிய கட்டுரை நான்கு பக்கம். அதன் புரூஃபைத்தான் அன்று வாங்கப் போனேன்.

வாங்கிப் பிரித்தேன். கடல் கட்டுரையில் அங்கங்கே கறுப்புக் கட்டம், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிக் கிடந்தது. எண்ணினேன். ஒன்பது.

அச்சக முதலாளி ராஜமாணிக்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எழுத்தைக் கவுத்து வெச்சிருக்கான் சார். அறை அறையா எழுத்து போட்டு வெக்கற கேஸ்ல ஒண்ணு தீந்துபோனா வேற ஏதாவது ஒண்ணைத் தலைகீழா சொருகி வெப்பாங்க. அடிப்பக்கம் கறுப்பா விழும். அப்புறம் மாத்திக்கலாம்னு அடையாளம்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "யோவ் ஏகாம்பரம், எழுத்து தீந்துபோச்சா?" என்று கேட்டார்.

எழுத்து கோக்கும் கம்பாசிட்டர் ஏகாம்பரம் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். விரல் நுனி பத்தும் ஈயக் கறுப்பு.

"எழுத்தெல்லாம் கீதுங்க. நான்தான் கவுத்து வெச்சேன்."

"ஏன்?"

"அந்த ஒம்போது வரியும் சரியில்லீங்க. சாருகிட்ட நேரா எப்டி சொல்றதுன்னு தெரியல. அதான்."

முதலாளி எகிறினார். பிரதியில் இருப்பதைக் கோப்பது மட்டுமே கம்பாசிட்டர் வேலை, அதைத் திருத்த நினைப்பவன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. எந்த வரி, என்ன தப்பு என்று நாலு பேர் கேட்கும்படி கேட்டேன். ஏகாம்பரம் முதல் கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். 'உலகத்தில் எல்லாக் கடற்கரையிலும் மீனவர்கள் கடல் ஏற்றத்துக்காகக் காத்திருந்து படகைத் தள்ளுகிறார்கள்' என்று நான் எழுதியிருந்த இடம்.

"எங்க வூடு மாமல்லபுரத்தாண்ட குப்பம் சார். எங்க அண்ணன் கட்டுமரம் வெச்சிகினு கீறாரு. எங்க கடல்ல யாரும் ஏத்தத்துக்குக் காத்துகினு நிக்கறதில்ல. தண்ணி ஏறறதும் தெரியாது, எறங்கறதும் தெரியாது."

எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகுதான் புரிந்தது. எங்கள் பினாங்கில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை கரையை விட்டுவிட்டு அரைமைல் போய்விடும். காலையில் சேற்றில் சாய்ந்து கிடந்த படகு நடுப்பகலில் மிதக்கும். ஐம்பது ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அதுதான் கடல் என்று எழுதிவிட்டேன். இந்தக் கரையில் நின்று ஒரு மணி நேரம்கூடப் பார்த்ததில்லை.

"உங்க ஊர்ல சரிதானே? உங்க ஊருக்குத்தானே அறுநூறு போவுது? அப்படியே ஏத்திடலாம்" என்றார் ராஜமாணிக்கம். அவர் அவசரம் அவருக்கு. திங்கட்கிழமை முதல் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையில் நின்றன. என் பதினாறு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் ஈய எழுத்துகள் அச்சேறிப் பிரிந்து கேஸுக்குத் திரும்பினால்தான் மணமக்கள் பெயரைக் கோக்க முடியும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் கப்பல்.

ஆனால் இங்கே நிற்கப்போகும் நானூறு? குப்பத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவர் கையில் என் புத்தகம் கிடைத்தால், அவர் முதலில் தனக்குத் தெரிந்த கடலைத்தான் புரட்டுவார். அதில் நான் உளறியிருந்தால், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று மூன்றாம் கட்டுரையில் சொல்வதை அவர் எதற்கு நம்ப வேண்டும்? காலரா வந்த வீட்டில் நான் நின்றிருக்கிறேன். எனக்கு அந்த ஒரு கட்டுரை போதும். மற்ற இருபத்தொன்றும் அதற்குத் துணையாகத்தான் வந்தன. கடல் பொய்யானால் அதுவும் பொய்யாகிவிடும்.

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கொடுங்கள்" என்றேன். முதலாளி பன்னிரண்டு மணி என்றார். ஏகாம்பரத்தை ஒன்றும் செய்யக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ். ஐம்பத்திரண்டு இருக்கையில் எண்பத்தேழு பேர், ஆறு கோழிகள். எனக்கு முன்னால் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் வேலை செய்யும் இளைஞர்கள் இரண்டு பேர் இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் மாமியாரிடம் நாலு வருடமாகச் சொல்கிறேன். நாங்கள் குண்டு செய்யவில்லை, மின்சாரம் செய்யப்போகிறோம் என்று."

"நம்பினாரா?"

"நம்பிவிட்டார். அப்படியானால் நம் வீட்டில் ஏன் தினமும் கரண்ட் போகிறது என்று கேட்கிறார்."

எனக்குப் பொறுக்கவில்லை. தோளைத் தட்டி, மாமியாருக்கு இட்லிப் பானையிலிருந்து சொல்லத் தொடங்குங்கள் என்றேன். தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மூடியைத் தூக்குகிறது, அதே ஆவி சக்கரத்தைச் சுற்றுகிறது, அடுப்பில் விறகுக்குப் பதில் வேறொன்று. கண்ணாடி போட்டவர், அது அவ்வளவு எளிதல்ல என்றார். முடிக்கச் சொல்லவில்லை, தொடங்கத்தான் சொன்னேன் என்றேன். இருவரும் சிரித்தார்கள். இறங்கும்வரை அந்த வேறொன்றை எப்படி மாமியாருக்குச் சொல்வது என்று மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். உரசாமல் எரிகிற விறகு என்பது வரை வந்தோம். அதிலும் எனக்குத் திருப்தி இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. மூன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். உச்சி வேளையில் மலைக்கு இரண்டு கழுகுகள் வந்து சோறு தின்னும் என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. நான் டயரையே பார்த்துக்கொண்டிருந்ததில் கழுகையும் விட்டேன். மாமல்லபுரம் சேரும்போது மணி நாலரை. கடல் கடைசிவரை இறங்கி நிற்கும் வற்றம் அன்று இரண்டு மணியளவில் முடிந்திருக்கும். அதைப் பார்த்து அளக்க இருந்த ஒரு நாள் போயிற்று. கண்டக்டரிடம் சொன்னேன். "கடலு எங்கியும் போவாது பெரியவரே, அங்கியேதான் கெடக்கும்" என்றார். பிரச்சினையே அதுதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஏகாம்பரத்தின் அண்ணன் கன்னியப்பன் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். தம்பி அனுப்பினார் என்றதும் மணலைத் தட்டிவிட்டு இடம் கொடுத்தார். அவர் மனைவி பவுனம்மா கூடையில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் புரூஃபை எடுத்து உரக்கப் படித்தேன். ஏழு பேர் கூடினார்கள். மூன்றாவது வரியில் ஒருவர் சிரித்தார். ஐந்தாவது வரியில் எல்லோரும்.

"இன்னா பெரியவரே, கடலு இன்னா பஸ்ஸா, டைமுக்கு வந்து ஏத்திகினு போறதுக்கு?" என்றார் கன்னியப்பன்.

"பின்னே எப்போது தள்ளுவீர்கள்?"

"விடியறதுக்கு முன்ன கரைக்காத்து அடிக்கும். அது வெளிய தள்ளிகினு போவும். வெயில் ஏறிச்சின்னா காத்து திரும்பிக்கும். கடல்காத்து. அது கொண்டாந்து வூட்டாண்ட வுட்டுடும். காத்துதான் எங்களுக்கு எல்லாம். தண்ணி ஏறினா இன்னா, எறங்கினா இன்னா?"

நான் எழுதிக்கொண்டேன். பிறகு, என் ஊரிலும் நான் பொய் சொல்லவில்லை என்று காட்ட, பினாங்குக் கடல் அரைமைல் போய்வருவதைச் சொன்னேன். அதுதான் தப்பாகிப் போயிற்று.

"அரைமைலா?" என்றார் பவுனம்மா. "அப்ப மீனுங்கல்லாம் இன்னா பண்ணும் நைனா? பின்னாலயே நடந்து போவுமா?"

"சேற்றில் நண்டு பொறுக்கலாம். நான் பொறுக்கியிருக்கிறேன்."

கன்னியப்பன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கப்சா. தம்பி அனுப்பிச்சிகிறானேன்னு மரியாதியா கேட்டுகினு கீறேன். கடலு எழுந்து அரைமைல் போயிட்டு சாயங்காலம் திரும்பி வருதாம்."

முப்பத்து நான்கு ஆண்டு வாத்தியார் வேலையில் ஒருவரும் என்னைக் கப்சா என்றதில்லை. இந்தக் கரைக்குப் பொய்யை எழுதிக் கொண்டுவந்தேன், சிரித்தார்கள். உண்மையை வாயால் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். விடுதியில் தலையணை கல்லாக இருந்தது. தூக்கம் மூன்று மணி நேரம். ஆனால் சொல்லத்தான் வேண்டும், எனக்கு வருத்தத்தைவிடப் பரபரப்புதான் அதிகம். முனியாண்டியின் இஸ்திரிப் பெட்டி சொல்லித்தராத ஒன்று எனக்கு இங்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மாதத்தில் ஏற்றமும் வற்றமும் அதிகமாக இருக்கும் நாள். விடிந்ததும் கரைக்குப் போனேன். ஒரு கட்டுமரம்கூட இல்லை, எல்லாம் வெளியே. தொலைவில் இருபத்து மூன்று பாய்கள். முதுகில் கரைக்காற்று சில்லென்று அடித்தது. வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்பதரைக்குக் காற்று நின்றது. காது அடைத்தாற்போல ஒரு பத்து நிமிடம். பிறகு முகத்தில் கடல்காற்று. பாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பதினொன்றரைக்குள் இருபத்து மூன்றும் கரையில். அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்து தப்பில்லை.

பவுனம்மா வீட்டில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு, மூன்று துண்டு. எங்கள் ஊரில் மீன் குழம்பில் வெண்டைக்காய் போடுவார்கள் என்றேன். "மீனு இல்லாத ஊரா?" என்று கேட்டுவிட்டு நாலாவது துண்டை வைத்தார்.

இரண்டேகால் மணிக்குக் கன்னியப்பனைக் கூட்டிக்கொண்டு, கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே அலைக்குள் நிற்கும் பாறைக்குப் போனேன். வர மாட்டேன் என்றுதான் சொன்னார். பவுனம்மா போகச் சொன்னதால் வந்தார். பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிறு சிப்பிகள் ஒரு பட்டையாகத் தெரிந்தன. தண்ணீர் ஏறும்போது நனைந்து, வற்றும்போது காய்கிற இடத்தில்தான் அவை ஒட்டும். பட்டையின் உயரம்தான் கடல் ஏறி இறங்கும் உயரம். என் அடிக்கோலில் இரண்டே முக்கால் அடி. கன்னியப்பன் கையால் நான்கு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

"இதுல அலை தெளிச்ச ஈரமும் சேந்து கீது" என்றார். "அதைக் கழிச்சிடுங்க."

கழித்துக்கொண்டேன். எங்கள் ஊர்த் துறைமுகக் கட்டையில் இதே சிப்பிப் பட்டை என் தலைக்கு மேலே நிற்கும், எட்டு அடி என்றேன். என் தலையையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். சிப்பியை வைத்துச் சொன்னதும் அவருக்கு அது கப்சாவாகப் படவில்லை.

"செரி. நெலா ஒண்ணுதானே?" என்றார் சிப்பியைத் தடவிக்கொண்டே. "இங்க நாலு சாணு இழுக்குது, அங்க மட்டும் ஏன் எட்டடி?"

அந்தக் கேள்வி என் நான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. விடை எனக்குத் தெரியும். கேள்விதான் தோன்றவில்லை. பினாங்கில் இருந்துகொண்டு பினாங்கை மட்டும் பார்த்தவனுக்கு எப்படித் தோன்றும்?

குச்சியால் மணலில் படம் போட்டேன். இந்தக் கரை திறந்த கரை. கடல் ஏறினால் விரிந்து போக இடம் இருக்கிறது. எங்கள் கடல் இரண்டு நிலத்துக்கு நடுவே போகிற ஜலசந்தி. போகப்போகக் குறுகும், ஆழமும் குறையும். உள்ளே நுழைந்த தண்ணீருக்கு விரிய இடமில்லை, உயரத்தான் வேண்டும். கன்னியப்பன் தலையாட்டினார். ஆனால் அது பெரியவர்களுக்குக் காட்டும் தலையாட்டல். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

"தோண்டுவோம்" என்றேன்.

குப்பத்துக்கு எதிரே ஈர மணலில் இரண்டு வாய்க்கால். இரண்டுக்கும் நீளம் பன்னிரண்டு அடி, கடல் பக்கம் வாய் ஐந்து அடி. ஒன்று கடைசிவரை அதே அகலம். மற்றது குறுகிக்கொண்டே போய், முடிவில் ஒரு சாண். நான் மண்டி போட்டதைப் பார்த்து வலைக்காரர்கள் வந்தார்கள். பவுனம்மா ஒரு கொட்டாங்கச்சியோடு வந்து கரையை மட்டம் தட்டினார். எண்ணியபோது பதினான்கு பேர் குனிந்திருந்தோம். அங்கே குடிசை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், இது பூஜையா என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் கையிலும் ஒரு கொட்டாங்கச்சி கொடுக்கப்பட்டது.

முதல் இரண்டு அலை வாயோடு நின்றது. மூன்றாவது உள்ளே வந்தது. அகல வாய்க்காலில் நுரை படர்ந்து பாதியில் சோர்ந்து திரும்பியது. குறுகல் வாய்க்காலில் தண்ணீர் இரண்டு பக்கமும் முட்டி, எழும்பி, கடைசியில் குத்தாக எகிறிப் பவுனம்மாவின் கூடையில் விழுந்தது.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அடுத்த அலைக்காகக் காத்தோம். அதுவும் எகிறியது. ஒன்பது அலையில் ஆறு முறை எகிறியது; நான் எண்ணினேன்.

"ஓகோ" என்றார் பவுனம்மா, சேலையைப் பிழிந்துகொண்டே. "அப்ப உங்க ஊர் கடலு சந்துல மாட்டிகினு முழிக்குது."

பையிலிருந்து பென்சிலை எடுத்து அதை அப்படியே எழுதினேன். முப்பத்து நான்கு ஆண்டில் எனக்கு அப்படி ஒரு வாக்கியம் வரவில்லை. ஏழே சொல்.

புரூஃபின் பின்பக்கத்தில், கட்டுமரத்தில் சாய்ந்துகொண்டு, புதிதாக எழுதினேன். நான்கு பக்கத்தில் இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் அறுபத்திரண்டு வரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஃபாரம் அப்படிப் பூட்டியிருக்கிறது. முதலில் இந்தக் கடல், பிறகு அந்தக் கடல், பிறகு கன்னியப்பன் கேள்வி, பிறகு வாய்க்கால். கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஓடைக்கரையில் தோண்டச் சொன்னேன். முடித்துப் படித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கன்னியப்பன் வலைக்கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா கீது. அப்படியே இன்னொண்ணும் எழுதுங்க. எங்களுக்கு ஏத்தம் எறக்கம் கவலையில்ல. ஓட்டம்தான். கொஞ்ச மாசம் தண்ணி தெக்கேர்ந்து வடக்க ஓடும். அப்பால வடக்கேர்ந்து தெக்க. வலை போடறதே அதைப் பாத்துதான். அது ஏன் திரும்புது?"

"காற்று திரும்புவதால்" என்றேன், வகுப்பறைக் குரலில்.

"அதான் இல்ல. காத்து திரும்பறதுக்கு ரொம்ப முன்னாலயே ஓட்டம் திரும்பிடுது. எங்க அப்பா காலத்துலேர்ந்து பாத்துகினு கீறோம். காத்து இன்னும் தெக்கத்திக் காத்தாவே அடிச்சிகினு இருக்கும், அடியில தண்ணி தெக்க போயிகினு இருக்கும். எப்டி?"

யோசித்தேன். படித்த நான்கு புத்தகங்களை மனதில் புரட்டினேன். எதிலும் இல்லை.

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு போட்டுக்கங்க" என்றார் அவர், சாதாரணமாக. மூன்று வரியை அடித்து இடம் பண்ணிக்கொண்டு அதையும் எழுதினேன்.

அன்றிரவே செங்கல்பட்டு திரும்பினேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏகாம்பரம் கேஸ் முன்னால் நின்றார். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துக்கும் ஸ்டிக்குக்கும் கொத்திக்கொத்திப் போய்வந்தது. ஒரு நிமிடத்துக்கு இருபத்தாறு எழுத்து. 'சந்துல மாட்டிகினு' என்ற இடத்தில் கை நின்றது. "இது எங்க அண்ணி சொன்னதாச்சே" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "வேற யாரு இப்டி பேசுவா?" ஒரு எழுத்தையும் கவிழ்க்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குப் புரூஃப் போட்டார்.

ராஜமாணிக்கம் குற்றம் கண்டுபிடிக்கும் முகத்தோடு படிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடியும்போது நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். "நெசமாவே அரைமைல் போவுதா சார்?" என்று நிமிராமலே கேட்டார். கடைசி மூன்று வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"இது ஒத்துவராது சார். 'ஓட்டம் காற்றுக்கு முன்னால் ஏன் திரும்புகிறது என்று எனக்குத் தெரியாது.' அறிவியல் புஸ்தகத்துல வாத்தியாருக்கே தெரியாதுன்னு அச்சடிச்சா எவன் படிப்பான்? எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தெரியாததைத் தெரியாது என்றால்தான் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வதை நம்புவார்கள். அந்த மூன்று வரி இல்லாவிட்டால் ஃபாரத்தை ஏற்ற வேண்டாம்."

மணி பத்து. கப்பல் மறுநாள். இப்படிச் சொல்லிவிட்டேனே என்று உடனே தோன்றியது. பின்வாங்கவும் மனமில்லை. மெஷின்காரர் எண்ணெய் டப்பாவோடு அப்படியே நின்றார்.

"எடுத்தா மூணு வரி காலியா நிக்கும் மொதலாளி" என்றார் ஏகாம்பரம் மெதுவாக. "அடியில பல்லு போன மாதிரி தெரியும்."

ராஜமாணிக்கம் மறுபடி படித்தார். இந்தத் தடவை அந்த மூன்று வரியை மட்டும். "உங்களுக்குத் தெரியாது சரி. யாருக்குமே தெரியாதா?"

"தெரிந்தவர் இருக்கலாம். எனக்கு அவரைத் தெரியாது."

"அப்படின்னா பாதியில வுட்டா எப்படி?" என்றார் எரிச்சலாக. மேசையிலிருந்து பென்சிலை எடுத்துப் புரூஃபின் ஓரத்தில் தானே எழுதினார்: 'தெரிந்தவர்கள் கார்டு எழுதவும்.' கீழே அச்சக முகவரி. "ரெண்டு வரி. இடம் பண்ணுய்யா ஏகாம்பரம். பக்க எண்ணுக்கு மேல இருக்கற கோட்டை எடுத்துட்டா வரும்."

வந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. ஆயிரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தாள் விழுகிறவரை நின்று எண்ணிவிட்டு, தைத்த அறுநூறையும் அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

இதை எழுதும்போது பினாங்கு திரும்பி ஏழு மாதம் ஆகிவிட்டது. ராஜமாணிக்கம் போன வாரம் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார். பதினேழு கார்டுகள். இரண்டு பேர் காரணம் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. ஒன்று கல்பாக்கத்திலிருந்து, விசாரித்துச் சொல்கிறேன் என்று. மீதிப் பதினான்கும் காரணம் எதுவும் சொல்லவில்லை. தங்கள் ஊரில் ஓட்டம் எந்த மாதம், எந்தத் தேய்பிறையில் திரும்பியது, அப்போது காற்று எங்கிருந்து அடித்தது என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் பிறர் கையால் எழுதுவித்து, அடியில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். கோவளம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம், தெற்கே நாகப்பட்டினம் வரை.

சுவரில் கடற்கரைத் தேசப்படம் ஒட்டி, ஊருக்கு ஒரு குண்டூசியாகப் பதினான்கு குத்தியிருக்கிறேன். வடக்கே உள்ள ஊர்களில் ஓட்டம் முதலில் திரும்புகிறது. தெற்கே போகப்போகத் தாமதம். பதினொரு ஊசி அப்படித்தான் சொல்கிறது, மூன்று ஒத்துவரவில்லை. அந்த மூன்று ஊருக்கும் இன்று கார்டு எழுதிப் போட்டேன். முனியாண்டி மாடிக்கு வந்து படத்தைப் பார்த்துவிட்டு, மரக்காணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் ஏன் ஊசியே இல்லை என்று கேட்டார்.